கிளிரிசிடியா மரத்துக்குள் யூரியா

ஊவாவின் பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் உரம் போட்ட கையோடு பெருமழை கொட்டினால், தூரில் கிடந்த யூரியா கரைந்து கானோடு போய்விடும். மருத்துவத்திலும் இதே சிக்கல் உண்டு. மாத்திரையை விழுங்கியதும் மருந்து இரத்தத்தில் சட்டென்று ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. அதனால்தான் உடலுக்குள் தானாகச் சிதையும் பொலிமர் இழைகளில் மருந்தைப் பொதித்து வைக்க ஆராய்ச்சியாளர்கள் முனைந்தார்கள். பொலிலக்டிக் அமில இழையை உடலின் நீர் மெல்ல மெல்ல அறுக்கிறது. இழை சிதையச் சிதைய மருந்து கசிகிறது. பிரிக்கத் தேவையில்லாத தையல் நூல்களும் இப்படிச் சிதைபவைதான்.

இதே உத்தியை மண்ணில் செய்து பார்த்தது சிலின்டெக் எனப்படும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம். நில்வலா கோட்டேகொட, வெரஞ்ச கருணாரத்ன உள்ளிட்ட குழுவின் ஆய்வு 2011இல் வெளியானது. இழைக்காக அவர்கள் எங்கும் அலையவில்லை. வேலியிலும் தேயிலைக்கு நிழலாகவும் நிற்கும் கிளிரிசிடியாவையே எடுத்தார்கள். மரமே செலுலோஸ் என்னும் இயற்கைப் பொலிமர் இழைகளால் ஆனதுதானே! நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ரொக்சிஅபடைட் கனிமத்தின் நனோ துகள்களில் யூரியாவை ஒட்டவைத்து, அந்த மென்மரத்தின் நுண்குழிகளுக்குள் அழுத்திப் புகுத்தினார்கள். மண்ணின் ஈரம் உள்ளே போய்த்தான் யூரியாவை வெளியே கொண்டுவர வேண்டும்.

வெவ்வேறு உயரங்களில் எடுத்த மூன்று வகை மண்ணில் சோதித்தார்கள், அவற்றின் பி.எச். அளவு 4.2, 5.2, 7. வழமையான உரம் ஆரம்பத்திலேயே அள்ளிக் கொடுத்துவிட்டு, 30ஆம் நாளளவில் கைவிரித்துவிட்டது. மரத்துக்குள் இருந்தது முதலில் சற்று வேகமாகக் கசிந்தாலும், 60ஆம் நாளிலும் நைதரசனைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மருந்து இழைகளிலும் இந்த முதல் வேகம் உண்டு. மேற்பரப்பில் ஒட்டியிருப்பது முந்திக் கழன்றுவிடும். தேயிலைக்குப் பிடித்தது புளிப்பு மண் என்பதால், நமக்கு முக்கியம் முதல் இரண்டு அளவுகள்தான்.

மரமில்லாமல், துகளும் யூரியாவும் சேர்ந்த கலவையை மட்டும் விவசாயிகளின் வயலில் இட்டுப் பார்த்த முடிவு 2017இல் வந்தது. பாதியளவு யூரியாவிலேயே நெல் விளைச்சல் குறையவில்லை.

நெல்லுக்குச் சில மாதங்களில் கணக்கு முடிந்துவிடும். தேயிலையைக் கவ்வாத்துக்குக் கவ்வாத்துதான் மதிப்பிட முடியும். உரம் தேயிலைக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் தெரிந்ததுதான்: 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட பிறகு, உரமில்லாத மலைகளில் கொழுந்து குறைந்தது. கிலோ குறைந்தால் பறிக்கும் பெண்ணுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான். மரத்துக்குள் யூரியா ஏற்றும் முறையைத் தேயிலையில் சோதிக்க, தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊவா நிலையம் பசறையிலேயே இருக்கிறது. கச்சான் காற்று மண்ணைக் காயவைக்கும் மாதங்களிலும் வடகீழ்ப் பருவமழையிலும், ஒரு கவ்வாத்துச் சுற்று முழுக்க, யூரியா ஏற்றிய மரத்துண்டுகளைத் தூரில் புதைத்துக் கொழுந்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். உரமூட்டை சுமந்து மலையேறும் நாட்கள் எத்தனை குறைகின்றன, மரத்துக்குள் யூரியா ஏற்றும் செலவு அதற்குக் கட்டுப்படியாகுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.