டாமிக்கு மட்டும் சாக்லேட் வேண்டாமே!



பிறந்த நாள் என்றால் வகுப்பு முழுக்க சாக்லேட் கொடுப்பீர்கள். ஊட்டிக்குச் சுற்றுலா போனால், 'ஹோம் மேட்' சாக்லேட் பெட்டி ஒன்று கட்டாயம் வீட்டுக்கு வரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் இருக்கும் குட்டீஸைக் கேட்கவே வேண்டாம். துபாயிலிருந்தோ, சவூதியிலிருந்தோ மாமா வந்து பெட்டியைத் திறந்தால், முதலில் கைக்கு வருவது சாக்லேட்தான்!

நீங்கள் ஆசை ஆசையாகத் தாளைப் பிரிக்கும்போது, எதிரே ஒருவர் வாலை ஆட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பாரே... அவர்தான் உங்கள் வீட்டு டாமி! 'ஐயோ பாவம், அதற்கும் ஒரு துண்டு கொடுப்போமே' என்று உங்கள் கை தானாக நீளும்.

நீட்டாதீர்கள் குட்டீஸ்! நமக்கு மிட்டாய், அதற்கு விஷம்.

'நாய்க்கு இனிப்பு கொடுத்தால் முடி கொட்டும்' என்று பாட்டி சொல்வாரே, அதுபோல இதுவும் பயமுறுத்தும் பேச்சா என்று நினைக்காதீர்கள். இது கால்நடை மருத்துவர்கள் நன்றாக அறிந்த உண்மை. டாமியின் உயிரோடு விளையாடும் விஷயம்.

சாக்லேட்டுக்குள் என்ன இருக்கிறது?

சாக்லேட் செய்வது கோகோ மரத்தின் விதையிலிருந்து. இந்த மரத்துக்கு, 1753ல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 'தியோபுரோமா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில், 'கடவுளரின் உணவு' என்று பொருள்.

அந்த விதையில் இருக்கும் ஒரு பொருளை, 1841ல் ரஷ்ய வேதியியல் அறிஞர் அலெக்சாண்டர் வொஸ்க்ரெசென்ஸ்கி கண்டுபிடித்தார். மரத்தின் பெயரை வைத்தே அதற்கு, 'தியோபுரோமின்' என்று பெயர் வந்தது. காபி, டீயில் இருக்கும் காபீனுக்கு இது நெருங்கிய சொந்தக்காரன். சாக்லேட்டில் கொஞ்சம் காபீனும் உண்டு.

நாம் சாக்லேட் தின்றால், தியோபுரோமினை நம் கல்லீரல் விரைவாக உடைத்து வெளியேற்றி விடும். உடலில் சேர்ந்ததில் பாதி குறைய, நமக்கு 6 முதல் 10 மணி நேரம் போதும். நாய்க்கோ ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும்!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைப் பார்த்திருப்பீர்கள். எல்லா வழிகளும் திறந்திருந்தால் லாரிகள் சர்ரென்று போய்விடும். இரண்டே வழி திறந்திருந்தால்? வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் அல்லவா? நாயின் உடம்பில் தியோபுரோமின் அப்படித்தான் தேங்கி நிற்கிறது. தேங்கியது இதயத்தையும், மூளையையும் விரட்டு விரட்டு என்று விரட்டுகிறது.

பூனைக்கும் இது விஷம்தான். ஆனால், பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது! அதனால், அது சாக்லேட்டை அவ்வளவாகத் தேடிப் போவதில்லை. நாய்க்கு இனிப்பு தெரியும், பிடிக்கவும் செய்யும். அதுதான் சிக்கல்.

ஒரு சின்ன கணக்கு!

எந்த சாக்லேட், எவ்வளவு, நாயின் எடை என்ன... இந்த மூன்றையும் வைத்துத்தான் ஆபத்தை அளக்கின்றனர்.

ஒரு கிராம் மில்க் சாக்லேட்டில், சுமார் 2 மில்லிகிராம் தியோபுரோமின் இருக்கும். கறுப்பாக, கசப்பாக இருக்கும் டார்க் சாக்லேட்டில் சுமார் 5 மில்லிகிராம். கேக் செய்யும் கோகோ தூளில் சுமார் 20 மில்லிகிராம். வெள்ளை சாக்லேட்டில் அனேகமாக இல்லை. ஆனால், அதில் உள்ள கொழுப்பு நாயின் வயிற்றைக் கெடுக்கும்.

நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் உள்ளே போனால், வாந்தியும், படபடப்பும் தொடங்கலாம். 40 முதல் 50 மில்லிகிராம் என்றால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். 60 ஆனால் வலிப்பு வரலாம்.

இப்போது 5 கிலோ எடையுள்ள பொமரேனியன் ஒன்று, 50 கிராம் சாக்லேட் தின்று விட்டது என்று வைத்துக் கொள்வோம். மில்க் சாக்லேட் என்றால் 100 மில்லிகிராம், கிலோவுக்கு 20. அதுவே டார்க் சாக்லேட் என்றால் 250 மில்லிகிராம், கிலோவுக்கு 50! கோகோ தூள் என்றால், வெறும் 15 கிராம் போதும். கிலோவுக்கு 60 ஆகிவிடும்.

25 கிலோ எடையுள்ள பெரிய ராஜபாளையம் நாய், அதே 50 கிராம் மில்க் சாக்லேட்டைத் தின்றால் கிலோவுக்கு 4தான். ஆனாலும், 'நம்ம நாய் பெரிசு, ஒன்றும் ஆகாது' என்று நீங்களே முடிவு கட்டக் கூடாது. குட்டி நாய், வயதான நாய், இதய நோய் உள்ள நாய் ஆகியவற்றுக்குக் குறைந்த அளவும் ஆபத்தாகலாம். கணக்கு உங்களுக்குப் புரிவதற்காக, முடிவு டாக்டருக்கு!

எப்படித் தெரியும்?

சாக்லேட் தின்ற உடனே நாய் சுருண்டு விழாது. அறிகுறிகள் தெரிய 2 முதல் 12 மணி நேரம் வரை ஆகலாம். இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர். 'தின்று ஒரு மணி நேரமாச்சு, நல்லாத்தானே ஓடியாடுது' என்று விட்டு விடுகின்றனர். நள்ளிரவில் தொல்லை ஆரம்பிக்கும்.

முதலில் வாந்தி, வயிற்றுப் போக்கு, அதிக தாகம். அடிக்கடி சிறுநீர் போகும். ஓரிடத்தில் படுக்காமல் அங்கும் இங்கும் அலையும். வெயிலில் ஓடியதுபோல மூச்சு வாங்கும். நிலைமை மோசமானால் உடல் நடுங்கும், வலிப்பு வரும். இந்தத் தொல்லை 3 நாள் வரைகூட நீடிக்கலாம்.

உடனே என்ன செய்ய வேண்டும்?

1. மீதி சாக்லேட்டை நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வாயில் இருப்பதைப் பிடுங்க, கையை உள்ளே விடாதீர்கள். பயந்த நாய் தன் வீட்டுக் குழந்தையையும் கடித்து விடும்.

2. கிழிந்த தாளை எறியாதீர்கள்! எந்த வகை, எத்தனை கிராம் என்று அதில்தான் எழுதியிருக்கும். எவ்வளவு மீதி இருக்கிறது என்றும் பாருங்கள்.

3. கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை மணிக்குத் தின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாயின் எடை தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

4. உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். நம் பகுதியில் பல குட்டீஸுக்கு அம்மா ஷூ கம்பெனியில், அப்பா டேனரியில் வேலை. அவர்கள் வீடு திரும்ப மாலை ஆகிவிடும். அதுவரை காத்திருக்கக் கூடாது. போன் செய்யுங்கள், பக்கத்து வீட்டு அக்காவையோ, தாத்தாவையோ கூப்பிடுங்கள்.

5. பெரியவர்கள் மூலம் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்து, எழுதி வைத்ததைப் படித்துக் காட்டுங்கள். கால்நடை அவசர உதவிக்கு, 1962 என்ற கட்டணமில்லா எண்ணும் உள்ளது.

6. டாக்டர் வரச் சொன்னால் தாமதிக்காமல் கிளம்புங்கள். முதல் இரண்டு மணி நேரம் தங்கமான நேரம்!

இதெல்லாம் கூடாது!

'உப்புத் தண்ணீர் கொடு, வாந்தி எடுத்துவிடும்' என்று யாராவது சொல்வர். வேண்டாம். அதிக உப்பே நாய்க்கு விஷமாகிவிடும்.

'புளித் தண்ணீர் கரைத்து ஊற்று' என்பர். அதுவும் வேண்டாம். புளியைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போனதை, 2022ல் அமெரிக்க கால்நடை மருத்துவர்கள் எழுதியுள்ளனர். புளியில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்கின்றனர். திராட்சையிலும் இந்த அமிலம் உண்டு. திராட்சையும், கிஸ்மிஸும்கூட நாய்க்கு ஆகாது.

பால் கொடுத்தால் விஷம் முறியும் என்பதும் தவறு. விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து. வாந்தி எடுக்க வைப்பது டாக்டரின் வேலை. மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

டாக்டர் என்ன செய்வார்?

இந்த விஷத்துக்கு என்று தனியாக மாற்று மருந்து கிடையாது. தின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தால், ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். பிறகு, சிறப்பாகத் தயாரித்த கரித்தூளைக் கரைத்துக் கொடுப்பார். அது விஷத்தை ஒட்டிப் பிடித்துக் கொள்ளும். அடுப்புக்கரி வேறு, இது வேறு. நீங்கள் முயற்சி செய்யக் கூடாது.

தேவைப்பட்டால் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல நரம்பு வழியே திரவம் ஏற்றுவார். நடுக்கத்துக்கும், இதயத்துக்கும் மருந்து தருவார். நாயை அடிக்கடி சிறுநீர் கழிக்க விட வேண்டும் என்பார். ஏன் தெரியுமா? சிறுநீர்ப்பையில் தேங்கும் தியோபுரோமின் மறுபடியும் ரத்தத்தில் கலந்து விடும்! நேரத்தோடு போனால், பெரும்பாலான நாய்கள் பிழைத்துக் கொள்கின்றன.

கரடிக்கும் இதே கதி!

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், 2014ல் நான்கு கருங்கரடிகள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தன. இரண்டு தாய்க் கரடிகள், இரண்டு குட்டிகள். சுட்ட காயம் இல்லை. சண்டையிட்ட அடையாளமும் இல்லை. பரிசோதித்தபோது காரணம் தெரிந்தது... தியோபுரோமின்! வேட்டைக்காரர்கள், கரடியை வரவழைக்க 40 கிலோ அளவுக்கு சாக்லேட்டும், டோனட்டும் கொட்டி வைத்திருந்தனர். அவ்வளவு பெரிய கரடிக்கே அந்தக் கதி!

இங்கிலாந்தில், லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சாக்லேட் தின்று டாக்டரிடம் வரும் நாய்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் மற்ற நாட்களைவிட நான்கு மடங்கு அதிகம் என்று கண்டனர். அந்த நேரத்தில் எல்லார் வீட்டிலும் சாக்லேட் இறைந்து கிடக்கும் அல்லவா? நமக்கு தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ், பிறந்த நாள்... எல்லாமே அப்படிப்பட்ட நாட்கள்தான். அன்று கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை.

பிரியாணியும் செருப்பும்!

ஆம்பூர் என்றதும் பிரியாணி நினைவுக்கு வராமல் இருக்குமா? 'மிச்சத்தை டாமிக்குப் போடு' என்று சொல்லிவிடாதீர்கள். அதில் வெங்காயம் இருக்கிறது. தயிர்ப் பச்சடியிலும் வெங்காயம்தான். வெங்காயமும், பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் குத்தும். அதனால், மசாலா சேர்க்காத வெறும் சோறும், எலும்பு நீக்கி வேக வைத்த கறியும் போதும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால், சாக்லேட்டைவிட வேகமாக ஆபத்தை உண்டாக்கும்.

ஷூ கம்பெனியிலிருந்து வரும் தோல் துண்டுகளையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். தோலை எதற்காகப் பதப்படுத்துகின்றனர்? அழுகாமல் இருக்கத்தானே! அழுகாத பொருள் டாமியின் வயிற்றில் மட்டும் எப்படிச் செரிக்கும்? குடலை அடைத்துக் கொள்ளும்.

உண்மையைச் சொல்லுங்கள்!

கடைசியாக ஒன்று. இதுதான் முக்கியம்.

நீங்களே ஆசையாகக் கொடுத்திருக்கலாம். கட்டிலில் வைத்துவிட்டு மறந்திருக்கலாம். 'சொன்னால் அடி விழுமே' என்று பயமாக இருக்கும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லத் தோன்றும். ஆனால், 'ஒரு துண்டுதான் தின்றது' என்று நீங்கள் குறைத்துச் சொன்னால், டாக்டர் போடும் கணக்கும் தப்பாகிவிடும். டாமியால், 'டாக்டர், நான் தின்றது ஆறு துண்டு' என்று சொல்ல முடியாதே! அதற்காகப் பேச, உங்களைத் தவிர யார் இருக்கின்றனர்?

திட்டு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். உண்மையைச் சொன்னால் டாமி பிழைக்கும்.

அம்மா, அப்பாவுக்கு ஒரு வார்த்தை: சொல்ல வந்த பிள்ளையை முதலில் திட்டாதீர்கள். முதலில் டாக்டர், மற்றதெல்லாம் பிறகு.

என்ன குட்டீஸ், ஒரு வேலை செய்வீர்களா? இன்றைக்கே அப்பாவிடம் கேட்டு, உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையின் போன் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். கீழே 1962 என்றும், டாமியின் எடையையும் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டி விடுங்கள். சாக்லேட் பெட்டி மேல் அலமாரிக்குப் போகட்டும். டாமிக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு துண்டு கேரட் கொடுங்கள். அதற்கும் வால் அதே வேகத்தில் ஆடும்!