ஆங்கில வினைகளும் இறந்தகாலமும்

செவ்வாப்பேட்டையில் நாம் மாலைவேளைகளில் இளைஞர் சிலருக்கு ஆங்கிலம் கற்பித்து வந்தோம். காக்களூர்த் தொழிற்பேட்டையில் வேலை நாடி நேர்முகத் தேர்வுக்குப் போகவிருந்த ஒருவர், முந்திய நாள் தாம் சென்னைக்குச் சென்றதைக் கூறத் தொடங்கி, 'கோ' என்னும் வினையோடு 'எட்' விகுதியைக் கூட்டி, 'கோஎட்' என்றார். கூடியிருந்தோர் நகைத்தனர். வெட்கத்தோடு சொல்லுகின்றோம்: நாமும் நகைத்துவிட்டோம். பின்பு ஒரு வாரம் அவர் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை.

ஆலோசிக்குங்கால், அவர் பிழைத்தது அறியாமையாலன்று, விதியை அறிந்தமையாலேயாம். 'வாக்' என்பது 'வாக்ட்' என்றும், 'வான்ட்' என்பது 'வான்டெட்' என்றும் ஆவதைக் கற்றவரே 'கோஎட்' என்பர். ஆங்கிலேயருடைய குழந்தைகளும் இங்ஙனங் கூறிப் பின்னரே திருத்திக்கொள்ளுகின்றனர்.

'கோ' என்பதன் இறந்தகாலமாகிய 'வென்ட்' உண்மையில் அதற்குரியதே அன்று. திரும்புதல், செல்லுதல் என்னும் பொருளுடைய வேறொரு வினையின் இறந்தகாலம் அது. 'கோ' அதனைக் கைக்கொண்டு ஏறக்குறைய 500 ஆண்டுகளாகின்றன. 'சிங்' என்பது 'சாங்' ஆவதுபோல உயிரெழுத்துத் திரிவனவோ, 'எட்' விகுதியினும் பழமையான விதியொன்றின் எச்சங்கள். ஹார்வர்டு அறிஞர் சிலர் பழைய ஆங்கிலத்திலிருந்து இத்தகைய விகார வினைகள் 177-ஐ எடுத்து ஆராய்ந்து, அவற்றுள் 98 மட்டுமே இன்றும் அவ்வாறு நிற்கின்றன என 2007-ல் வெளியிட்டனர். 'ஹெல்ப்' என்பதற்கு முற்காலத்தில் 'ஹோல்ப்' என்றனர். அது 'ஹெல்ப்ட்' ஆகிவிட்டது. நூறிலொரு பங்கே வழங்கும் வினை பத்துமடங்கு விரைவிற் பொதுவிதிக்குட்படும் என்பது அவர்கள் கணக்கு. நாள்தோறும் நாவிற் பயிலும் சொற்களை நினைவு காக்கும். அருகி வழங்குவனவற்றை நினைவு கைவிட, விதி ஏற்றுக்கொள்ளும். 'கோ', 'கம்', 'ஈட்' முதலியன அடங்காது நிற்றற்குக் காரணம் இதுவே.

நம் பாஷை இதற்கு விலக்கன்று. நன்னூலார் இறந்தகால இடைநிலைகளாகத் த், ட், ற், இன் என நான்கு கூறினர்: செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். ஆயினும் 'பாடு' என்பது பாடினான் ஆக, 'விடு' என்பது விட்டான் ஆகின்றது. குற்றெழுத்தை அடுத்த டு, று பல வினைகளில் இவ்வாறு இரட்டிக்கும். நட்டான், சுட்டான், பெற்றான் என்பன காண்க. 'தொழு' தொழுதான் ஆயின், 'எழு' ஏன் எழுந்தான் ஆயிற்று? 'வா' குறுகி வந்தான் ஆகும். 'சா' என்பதோ உயிரே திரிந்து செத்தான் ஆகும். நேரே கூட்டிச் 'சாத்தான்' என்போமாயின் பொருள் வேறாய் முடியும்! ஜெர்மானியராகிய கார்ல் கிரவுல் 1855-ல் நம் வினைகளை வகுப்புகளாகப் பிரித்தெழுதினார். 1924 முதல் 1936 வரை வெளிவந்த தமிழ் லெக்ஸிகனும் வினைதோறும் வகுப்பிலக்கம் இட்டுள்ளது. நாமோ தாய்மடியிற் கற்றமையால் இத்தொல்லையை உணர்ந்திலோம்.

பழைய நூல்களிற் பயிலும் 'புக்கான்' என்பது இன்று பேச்சில் இல்லை. 'புகுந்தான்' என்பதே நின்றது.

இவற்றையெல்லாம் அவ்விளைஞரிடம் எடுத்துரைத்து, நகைத்ததற்காக மன்னிப்பும் வேண்டினோம். அவர் சற்றுநேரம் யோசித்து, "அப்படியானால், ஐயா, புக்கான் என்றவர்கள் புகுந்தான் என்றவனைப் பார்த்துச் சிரித்திருப்பார்களோ?" என்றார்.