சேற்றில் மறைந்த கரி

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடங்களுக்கு நடுவே, பிச்சாவரத்துச் சதுப்புக் காடு பரந்து கிடக்கிறது. அங்கே உதிரும் இலை வீணாவதில்லை. நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்க, அம்மட்கை இறாலும் நண்டும் உண்கின்றன. ஆயினும் மட்கு அளவு மீறினால், அதனைச் சிதைக்கும் உயிர்களே நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மடியும்.

மட்கின் அளவைக் கண்ணால் கூற இயலுமா? கறுத்த சேறெல்லாம் வளமான சேறன்று. இரும்பும் கந்தகமும் கூடினாலும் சேறு கறுக்கும்.

1934-ஆம் ஆண்டில் வாக்லி, பிளாக் என்னும் இருவர் வெளியிட்ட முறை இன்றும் வழக்கில் உள்ளது. உலர்த்திப் பொடித்த மண்ணோடு பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்ப்பர். கலவை தானே சூடேறும். செம்மஞ்சள் நிற டைகுரோமேட்டு, மட்கிலுள்ள கரியை எரித்துத் தான் பச்சையாக மாறும். எஞ்சியதை இரும்பு உப்புக் கரைசலைத் துளித்துளியாக விட்டு அளப்பர். செலவான டைகுரோமேட்டின் அளவே கரியின் அளவைக் காட்டும். கரியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே இவ்வாறு எரிவதால், கணக்கில் அதனையும் ஈடுசெய்தல் வேண்டும்.

வயல் மண்ணுக்கு ஏற்ற இம்முறை கழிமுகச் சேற்றில் ஏமாற்றிவிடும். கடலுப்பிலுள்ள குளோரைடும் டைகுரோமேட்டைச் செலவழிப்பதால், இல்லாத கரி இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே உப்பை முன்னரே கழுவி நீக்குவர். அன்றி வெள்ளி சல்பேட்டைச் சேர்ப்பர்.

கடலூர் உப்பனாற்றங்கரையிலோ தொழிற்சாலைகளும் உள. அங்கே கிடைக்கும் கரி இலை தந்ததா, கழிவு தந்ததா என்பதை இச்சோதனை கூறாது. அதனை அறிய நைட்ரஜனையும் அளத்தல் வேண்டும். உதிர்ந்த இலையில் கரி மிகுதி. நைட்ரஜனோ மிகக் குறைவு.