பால் மண்ணிலிருந்தா வருகிறது?

"விடிஞ்சப்புறம் வெட்டுனா பால் வராதுடா, சீக்கிரம் கெளம்பு!"

பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கண் விழித்திருப்பார்கள். இருட்டோடு பெரட்டு, நெற்றியில் விளக்கு, கையில் உளி, காலெல்லாம் கொசுக்கடி. ஏன் அந்த நேரத்தில் போக வேண்டும் என்று கேட்டால், "மரத்துக்கு அதுதான் புடிக்கும்" என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது.

இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. வெயில் ஏற ஏற அவற்றின் வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். இரவில் துளைகள் மூடிக்கொள்ளும். வேர் மட்டும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே விடியற்காலையில் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் விம்மிப் புடைத்து நிற்கின்றன. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1960களில் பட்டைக்குள் குழாய் செருகி இந்த அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். விடியலில் அது ஏறக்குறைய காற்று மண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கு. கார் டயருக்கு அடிக்கும் காற்றைவிட நாலைந்து மடங்கு அதிகம்! உளி பட்டவுடன் பால் பீறிட்டு வருவதற்கு அதுவே காரணம். பத்து மணி வெயிலில் அந்த அழுத்தம் இறங்கிவிடும். தாமதமாக வெட்டியவரின் மங்கு நிறையாது. மண்டோர் அவரைத் திட்டுவார். பாவம், அவர் சூரியனை அல்லவா திட்டியிருக்க வேண்டும்!

சரி, இலை வழியாகப் போன தண்ணீர் எங்கே போயிற்று? பகலெல்லாம் மேலே ஏறிப் போயிற்று. போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடத் தேவைப்படும் சூட்டைப்போல் ஏழெட்டு மடங்கு சூடு வேண்டும், அதை முழுவதும் ஆவியாக்க. அந்தச் சூட்டை வெயிலிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் ஆவி கிளம்புகிறது. மரக்காட்டுக்குள் குளிர்ச்சியாக இருப்பதற்கு நிழலோடு இதுவும் ஒரு காரணம். உயரே போய் மறுபடி தண்ணீராகும்போது வாங்கிய சூட்டை ஆவி அங்கே இறக்கி வைக்கிறது. அந்தச் சூடு மேகத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. மாலை நான்கு மணிக்கு இடி, மின்னல், அடைமழை. மழை விடியும்வரை நீடித்துப் பட்டை ஈரமானால் வெட்டில்லை. அந்நாளில் வெட்டில்லாவிட்டால் கூலியுமில்லை. மரம் விட்ட மூச்சும் அந்த மழையில் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை அன்று யார் நினைத்துப் பார்த்தோம்?

இனி பாலுக்கு வருவோம். பத்துப் பங்கு பாலில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? "மண்ணுலேருந்துதான், வேறெங்கேருந்து?" என்று தோன்றும். அப்படியில்லை. ரப்பரில் இருப்பவை கரிமமும் ஹைட்ரஜனும் மட்டுமே. கரிமம் காற்றிலிருக்கும் கரியமில வாயுவிலிருந்து வந்தது. ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வந்தது. இரண்டையும் பிடித்துக் கட்டிப்போட்டது வெயில். செம்பனை எண்ணெயும் அப்படித்தான். அதில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதல். பழைய டயரை எரித்தால் எழும் அனல், என்றோ ஓர் இலைமீது விழுந்த வெயில்தான்.

அப்படியானால் உரம் எதற்கு? இங்கேதான் மண்ணின் பங்கு வருகிறது. காற்றையும் தண்ணீரையும் இணைக்கும் பட்டறைக்கு, அதாவது இலைக்கும் வேருக்கும், தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வேண்டும். அவை இலையோடும் பழத்தோடும் போகின்றன. ஒவ்வொரு செம்பனைக் குலையும் லாரியேறும்போது, தோட்டத்து மண்ணில் இருந்த சாம்பல்சத்து கொஞ்சம் அதோடு ஏறிப் போகிறது. அதை ஈடுகட்ட மூட்டை மூட்டையாகப் பொட்டாஷ் உரம் வருகிறது. கனடாவில் பூமிக்கடியில் தோண்டி எடுக்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பு அது. நம் பெண்கள் வாளியில் தூக்கிச் சென்று வீசியது அந்தக் கடலைத்தான். ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலையைத் திரும்பக் கொண்டுவந்து நிரையில் பரப்புவதும் இதற்காகவே. அதில் சாம்பல்சத்து நிறைய. வெட்டிய மட்டையைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாது. பெருமழைக்கு முன்னால் வீசிய உரம் ஆற்றுக்குப் போகும். காய்ந்த மண்மேல் கிடக்கும் யூரியாவோ வாயுவாகிக் காற்றோடு போகும். இளங்கன்றுகளுக்கிடையே படர விடும் பயற்றுக் கொடியின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சுகள் இருக்கும். அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன, கூலி கேட்காமல்.

எல்லா மண்ணும் ஒன்றல்ல. ஜொகூரின் மேற்குக் கரையில் பொந்தியான் பக்கம் வேலை செய்தவர்களுக்குக் கரிச்சேற்று நிலம் தெரிந்திருக்கும். காலை வைத்தால் மெத்தைபோல் அமுங்கும். செம்பனை ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்கடியில் மக்காமல் கிடந்த மரமும் இலையுமே அந்த நிலம். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் காற்று உள்ளே நுழைகிறது. மக்கத் தொடங்குகிறது, கரிமம் மறுபடி வாயுவாகிக் கிளம்புகிறது, நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்குகிறது. வேர் வெளியே தெரிவதும் மரம் சாய்வதும் அதனால்தான். காய்ந்தால் அது தீப்பிடிக்கும், மேலே அல்ல, அடியில். வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும்.

1997ஆம் ஆண்டை மறக்க முடியுமா? பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் தண்ணீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறிய ஆண்டு அது. எல் நினோ என்பார்கள். மழை அந்தப் பக்கம் போய்விட்டது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் கரிச்சேறும் எரிந்தன. அந்தச் செப்டம்பரில் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக் குறியீடு 839. 300ஐத் தாண்டினாலே பேராபத்து என்பது கணக்கு. சரவாக்கில் அவசரநிலை அறிவித்தார்கள். 2015இலும் அதே எல் நினோ, அதே புகை. எங்கோ கடல் சூடானதற்கு இங்கே பிள்ளைகள் இருமினார்கள்.

கரிச்சேற்றுத் தோட்டங்களில் வாய்க்காலின் குறுக்கே மணல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். தண்ணீர் நிலமட்டத்துக்கு ஒன்றரை, இரண்டடி கீழே நிற்க வேண்டும் என்பதற்காக. அதற்குக் கீழே இறங்கினால் நிலம் காயும். வெயில் மாதத்தில் மீன் பிடிக்கவோ படகு தள்ளவோ யாராவது அந்த மூட்டையைப் பிரித்துப் போட்டிருந்தால், பார்த்தவர்கள் அன்றைக்கே மண்டோரிடம் சொல்லிவிடுங்கள்.