டிரைவர் இருந்தால் மடிக்கணினி ஓடும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், இன்டெல் செயலிகளில் 2017இல் வந்த எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்தான், ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, ஏற்கப்படுகின்றன. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஏழாம் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றில் அந்த வசதி உண்டு. பாடம் பார்க்க, கணக்கு எழுத வேகமும் போதும். இருந்தும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இடமில்லை. நன்றாக ஓடும் இயந்திரத்தை இதற்காகக் காயலான் கடையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் கைகொடுக்கிறது. அதன் காரணம் டிரைவரில் இருக்கிறது. வைஃபை, டச்பேட், கிராஃபிக்ஸ் என ஒவ்வொரு பாகத்தையும் இயக்கத் தெரிந்த நிரலே டிரைவர். விண்டோஸில் பெரும்பாலும் பாகத்தைத் தயாரித்த நிறுவனம்தான் அதை எழுதித் தருகிறது. பழைய மாடலை அது கைவிட்டால் பயனருக்கு வேறு போக்கிடம் குறைவு. லினக்ஸிலோ பெரும்பாலான டிரைவர்கள் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னலின் உள்ளமைப்பை ஒருவர் மாற்றினால், அதனால் பழுதாகும் டிரைவர்களையும் அவரே சரிசெய்து தர வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. தயாரித்தவர் மறந்துபோன சிப்பும் புதிய கெர்னலில் வேலை செய்வது இதனால்தான்.

கெர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவரின் கதி வேறு. என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 400, 500 வரிசை அட்டைகளுக்கான சொந்த டிரைவருக்கு 2022 இறுதியோடு ஆதரவு நின்றது. அவற்றுக்கு இப்போது கெர்னலிலுள்ள நூவோ என்ற கட்டற்ற டிரைவர்தான் துணை. வேகம் குறையும், திரை தெரியும்.

அதிகம் படுத்துவது பிராட்காம் வைஃபை. பழைய பிராட்காம் சிப்கள் சிலவற்றுக்கு டிரைவர் மட்டும் போதாது. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரும் தேவை. அதை எல்லோருக்கும் பகிர உரிமம் இல்லாததால் நிறுவும் பென்டிரைவில் இருக்காது, இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இணையத்துக்கோ வைஃபை வேண்டும்! கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

எதையும் அழிக்கும் முன் லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு லினக்ஸ் வகையைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். ஒலி, கேமரா, திரை வெளிச்சம் எல்லாவற்றையும் சோதியுங்கள். மூடியை மூடித் திறந்தும் பார்க்க வேண்டும்; தூங்கிய கணினி எழாமல் போவது பலரும் நிறுவிய பிறகே கவனிக்கும் கோளாறு.

செயலி 32 பிட் என்றால் தேர்வு சுருங்கும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு, அத்தகைய செயலிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. 64 பிட் கணினியில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், காசை முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவிடுங்கள். அடுத்தது ராம்: 4 ஜிபியில் இயங்குதளம் தடையின்றி ஓடும், உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறக்கும்போதுதான் திணறும்.