டெபியனில் பொதி மேம்படுத்தல் சிக்கல்கள்

டெபியனில் பொதி மேம்படுத்தல் சிக்கல்கள் என்பன, டெபியன் க்னூ/லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவப்பட்டுள்ள மென்பொருட் பொதிகளைப் புதிய பதிப்புகளுக்கு மாற்றும்போதோ மாற்றிய பின்னரோ தோன்றும் கோளாறுகளாகும். மேம்படுத்தல் இடையில் நின்றுபோதல், ஒரு சேவை இயங்க மறுத்தல், வரைகலை இடைமுகம் தோன்றாமை, கணினியே தொடங்காமை ஆகியன இவற்றுள் அடங்கும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலிய டெபியன் வழிவந்த வழங்கல்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். இவற்றுட் பெரும்பாலானவற்றை இயங்குதளத்தை மீள நிறுவாமலே தீர்க்க முடியும். மேம்படுத்தல் எந்தப் படியில் தடைப்பட்டது என்பதை அறிவதே தீர்வின் தொடக்கமாகும்.

மேம்படுத்தல் நடைபெறும் முறை

டெபியன் திட்டம் 1993 ஆம் ஆண்டில் ஈயன் மர்டாக்கினால் தொடங்கப்பட்டது. இதில் ஒவ்வொரு மென்பொருளும் பொதியாக வழங்கப்படுகின்றது. ஒரு பொதி இயங்குவதற்குத் தேவையான பிற பொதிகள் அதன் சார்புகள் எனப்படும். தனிப் பொதிகளை நிறுவும் பணியை டிபிகேஜி என்னும் கருவி செய்கின்றது. களஞ்சியத்திலிருந்து பொதிகளைப் பெற்று, சார்புகளைக் கணித்து, நிறுவும் ஒழுங்கைத் தீர்மானிப்பது ஆப்ட் ஆகும். இது 1999 இல் வெளியான டெபியன் 2.1 உடன் பரவலான பயன்பாட்டிற்கு வந்தது.

ஆப்ட்டின் ‘அப்டேட்’ கட்டளை பொதிகளின் பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். ‘அப்கிரேட்’ கட்டளை, நிறுவப்பட்ட எப்பொதியையும் நீக்காமல் மேம்படுத்தும். ‘ஃபுல்-அப்கிரேட்’ கட்டளை, தேவையெனில் சில பொதிகளை நீக்கியும் மேம்படுத்தும்.

ஒவ்வொரு பொதியும் முதலில் விரிக்கப்பட்டு, பின்னர் அமைவாக்கம் செய்யப்படும். விரித்தலின்போது புதிய கோப்புகள் வட்டில் எழுதப்படுகின்றன. அமைவாக்கத்தின்போது பொதியின் சிறுநிரல்கள் இயங்கி அதைப் பயன்பாட்டிற்கு ஆயத்தம் செய்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையில் தடை ஏற்பட்டால், பொதி விரிக்கப்பட்டும் அமைவாக்கம் பெறாத நிலையில் தங்கிவிடும்.

இடையில் நின்ற மேம்படுத்தல்

மின்தடை, வட்டில் இடமின்மை, சிறுநிரலின் வழு ஆகியன இதற்கான பொதுவான காரணங்கள். ஒவ்வொரு பொதியின் நிலையையும் டிபிகேஜி பதிவு செய்து வைப்பதால், நின்ற இடத்திலிருந்து பணியைத் தொடரலாம். டிபிகேஜியை ‘கன்ஃபிகர்’, ‘ஏ’ ஆகிய தெரிவுகளுடன் இயக்கினால் எஞ்சிய அமைவாக்கங்கள் நிறைவேறும். சார்புகள் குறைந்திருப்பின், ஆப்ட்டின் ‘இன்ஸ்டால்’ கட்டளையை ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’ தெரிவுடன் இயக்குவது வழக்கம்.

‘பூட்’ அடைவு தனிப் பிரிவாக இருக்கும் கணினிகளில் பழைய கருனிகள் சேர்ந்து இடத்தை நிரப்பிவிடுவதுண்டு. ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை, தேவையற்றுப்போன பழைய கருனிகளை நீக்கும்.

தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது என்னும் செய்தி, வேறொரு நிரல் பொதிகளைக் கையாள்கின்றது என்பதைக் குறிக்கும். இது பெரும்பாலும் தன்னியக்க மேம்படுத்தலாக இருப்பதால் அது முடியும்வரை காத்திருத்தல் போதுமானது. பூட்டுக் கோப்பை அழித்தால் இரு நிரல்கள் ஒரே தரவுத்தளத்தில் எழுதி அதைச் சிதைக்கக்கூடும்.

சார்புச் சிக்கல்கள்

வெவ்வேறு வெளியீடுகளின் களஞ்சியங்களைக் கலத்தல், வெளியார் களஞ்சியங்களைச் சேர்த்தல், இடையிலுள்ள வெளியீட்டைத் தாண்டி மேம்படுத்துதல் ஆகியவற்றால் இவை எழுகின்றன. டெபியன் 11 இலிருந்து 13 இற்கு நேரடியாகச் செல்வதற்கு ஆதரவு இல்லை. முதலில் 12 இற்கு மாற வேண்டும்.

இவ்வகைச் சிக்கல் புதிதாக ஒரு பொதியை நிறுவும்போதும் எழலாம். 2021 நவம்பரில் வெளியான லினஸ் டெக் டிப்ஸ் நிகழ்படத்தில், பாப்!_ஓஎஸ் வழங்கலில் ஸ்டீம் மென்பொருளை நிறுவ முயன்றபோது வரைகலைப் பணிச்சூழல் முழுவதும் நீக்கப்பட்டது. களஞ்சியத்திலிருந்த சார்புக் குறையால், பணிச்சூழலின் பொதிகளை நீக்குவதையே ஆப்ட் தீர்வாகக் கணித்திருந்தது. எச்சரிக்கை காட்டப்பட்ட பின்னரும் உறுதிமொழித் தொடர் தட்டச்சு செய்யப்பட்டது. இதன் பின்னர், இன்றியமையாப் பொதிகளை நீக்கும் தீர்வுகளைத் தானாக முன்வைக்காதவாறு ஆப்ட் மாற்றப்பட்டது. ஆயினும் நீக்கப்படவுள்ள பொதிகளின் பட்டியலை ஒப்புதலுக்கு முன் வாசித்தல் இன்றும் அவசியமாகும்.

அமைவடிவக் கோப்புகள்

பயனர் திருத்திய அமைவடிவக் கோப்பு புதிய பதிப்பிலும் மாறியிருந்தால், எதை வைத்திருப்பது என்று டிபிகேஜி வினவும். பழையதை வைத்திருந்தால் புதியது ‘டிபிகேஜி-டிஸ்ட்’ என்னும் பின்னொட்டுடன் சேமிக்கப்படும். புதியதை ஏற்றால் பழையது ‘டிபிகேஜி-ஓல்ட்’ என்னும் பின்னொட்டைப் பெறும். மேம்படுத்தலின் பின் ஒரு சேவை இயங்காவிடில் இவ்விரு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். புதிய பதிப்பு கைவிட்ட தெரிவொன்று பழைய கோப்பில் எஞ்சியிருத்தல் அடிக்கடி காணப்படும் காரணமாகும். எஸ்எஸ்எச் வழியாக மட்டும் அணுகப்படும் தொலைவிலுள்ள வழங்கிகளில், அமைவடிவத்தைச் சோதிக்குமுன் இணைப்பைத் துண்டித்தால் மீண்டும் உள்நுழைய முடியாமற் போகலாம்.

கருனியும் தொடக்க நிரலும்

புதிய கருனி பழையதை அழிக்காமல் அதனருகே நிறுவப்படுகின்றது. ஆகவே புதியது இயங்காவிடில், கிரப் தொடக்கப் பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளில் பழைய கருனியைத் தேர்ந்தெடுக்கலாம். என்விடியா போன்ற வெளி இயக்கிகள் ஒவ்வொரு கருனிக்கும் டிகேஎம்எஸ் மூலம் மீளத் தொகுக்கப்பட வேண்டும். கருனித் தலைப்புக் கோப்புகள் இல்லாதபோது தொகுப்பு நடைபெறாது. திரை கறுப்பாகவே நிற்கலாம்.

2020 யூலையில் ‘பூட்ஹோல்’ பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தங்கள் வெளியானபின் பல கணினிகள் தொடங்க மறுத்தன. இவற்றுட் சிலவற்றில் கிரப்பின் கூறுகள் புதிய பதிப்பாகவும், வட்டின் தொடக்கப் பகுதியிலிருந்த கிரப் கரு பழைய பதிப்பாகவும் இருந்தன. புதிய கூறுகள் நாடிய ‘கிரப்_காலொக்’ என்னும் குறியீடு பழைய கருவில் இல்லை. நேரடி வட்டிலிருந்து கணினியைத் தொடங்கி, சரியான வட்டில் கிரப்பை மீள நிறுவுவதே இதற்கான தீர்வாயிற்று. பயனர்களின் கோப்புகளுக்கு இதனால் சேதம் ஏற்படவில்லை.

பதிவேடுகள்

‘வார்’ அடைவிலுள்ள ‘லாக்’ அடைவில் ஆப்ட், டிபிகேஜி ஆகியவற்றின் பதிவேடுகள் உள்ளன. எந்நாளில் எப்பொதி எப்பதிப்பிற்கு மாறியது என்பதை இவற்றிலிருந்து அறியலாம். திரையில் இறுதியாகத் தோன்றும் வரிகள் பெரும்பாலும் தோல்வியுற்ற பொதிகளின் தொகுப்பு மட்டுமே. உண்மையான காரணம் அவற்றிற்கு மேலே, முதலாவது வழுச்செய்தியில் காணப்படும்.

முற்காப்பு

வெளியீட்டு மாற்றத்திற்கு முன் சொந்தக் கோப்புகளையும் ‘ஈடிசி’ அடைவையும் படியெடுத்து வைத்தல் வேண்டும். வெளியீட்டுக் குறிப்புகளை வாசிப்பதும் பயனுடையது. எடுத்துக்காட்டாக, 2023 இல் வெளியான டெபியன் 12 இல் கட்டற்றதல்லாத நிலைபொருட்கள் களஞ்சியத்தின் தனிப் பிரிவொன்றிற்கு மாற்றப்பட்டன. அப்பிரிவைச் சேர்க்காத கணினிகள் கம்பியில்லா வலையமைப்பு அட்டை முதலியவற்றிற்கான நிலைபொருட்களின் புதிய பதிப்புகளைப் பெறமாட்டா.

பழைய பதிப்பிற்குத் திரும்புவதை டெபியன் முறையாக ஆதரிப்பதில்லை. தவிர்க்க முடியாதபோது, திட்டத்தின் காப்பகத்திலிருந்து பழைய பொதியைப் பெற்று நிறுவி, ‘ஹோல்ட்’ குறியிட்டு அப்பதிப்பிலேயே நிறுத்தலாம். அவ்வாறு நிறுத்தப்பட்ட பொதிக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துசேரா என்பதால் இது தற்காலிக ஏற்பாடாகவே கொள்ளப்படுகின்றது.