எந்த கார்த்திக்கைச் சொல்றீங்க?

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கொழும்பில் நிதாஹஸ் டிராபி ஃபைனல். வங்கதேசத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ரன் வேணும். சௌம்யா சர்க்கார் போட்ட பந்து எக்ஸ்ட்ரா கவர் பக்கம் பறந்து சிக்ஸர் ஆனதும், நான் சோபாவிலிருந்து குதித்து "கார்த்திக்... கார்த்திக்..." என்று கத்திக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"எந்த கார்த்திக்டா? பாடுவானே, அவனா?"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் அப்பா பதில் சொன்னார். "இல்ல, 'மௌன ராகம்' கார்த்திக். இப்போ கிரிக்கெட்டும் ஆடுறாராம்."

8 பந்தில் 29 ரன் அடித்து இந்தியாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த தினேஷ் கார்த்திக், எங்கள் வீட்டில் தன் அடையாளத்தை நிரூபிக்க இன்னொரு மேட்ச் ஆட வேண்டியிருந்தது. சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால், "கார்த்திக் ஆஸ்பத்திரியில் அனுமதி" என்று மொட்டையாக ஒரு தலைப்பு மொபைலில் வந்தால் எத்தனை பேரின் ரசிகர்களுக்குப் பக்கென்று இருக்கும், யோசித்துப் பாருங்கள். நடிகர் கார்த்திக், பாடகர் கார்த்திக், தினேஷ் கார்த்திக், முரளி கார்த்திக், கார்த்திக் சுப்பராஜ், கார்த்திக் ராஜா... கார்த்தியையும் சிவகார்த்திகேயனையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

இத்தனை கார்த்திக் எப்படி வந்தார்கள்? கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் வளர்த்த பிள்ளை என்பதால் முருகன் கார்த்திகேயன் ஆனார். அதை நவீனமாகச் சுருக்கினால் கார்த்திக். தாத்தாவுக்குச் சாமி பெயர் வைத்த திருப்தி, அப்பாவுக்கு ஸ்டைலான பெயர் வைத்த திருப்தி. 80-களில் பிறந்தவர்கள் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு வகுப்புக்கு ரெண்டு மூணு கார்த்திக் கேரன்ட்டி. டீச்சருக்கு எஸ்.கார்த்திக், ஆர்.கார்த்திக். நமக்கு நெட்டை கார்த்திக், சோடாபுட்டி கார்த்திக்.

அந்த 'எஸ்', 'ஆர்' விஷயத்தில்தான் இருக்கிறது சூட்சுமம். இந்தியாவின் பல மாநிலங்களில் பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பப் பெயர் இருக்கும். பெரும்பாலும் அது சாதியைச் சொல்லும் வால். நாம் அதை வெட்டிவிட்டோம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. வால் போனது நல்லதுதான். ஆனால் அதன் பிறகு ஒரு மனிதனை அடையாளம் காட்ட மிச்சம் இருப்பது அவனுடைய பெயரும், அப்பா பெயரின் முதல் எழுத்தும் மட்டுமே. மொத்த பாரமும் ஒற்றைப் பெயர் மேலே விழுகிறது. அதனால் மோதலும் ஜாஸ்தி.

இந்த இனிஷியலை சினிமா ஒரு மாதிரி கையாளும், விளையாட்டு நேர் எதிர் மாதிரி கையாளும்.

சினிமாவில் இனிஷியல் காணாமல் போய்விடும். போஸ்டரில் ஒற்றைப் பெயர்தான் கெத்து. முதலில் வந்தவருக்கே அந்தப் பெயர் பட்டா. 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை' மூலம் வந்த நடிகர் முத்துராமனின் மகன், கார்த்திக் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒட்டு போட்டுக்கொண்டுதான் வர முடிந்தது. இசையமைப்பாளர் கார்த்திக் ராஜா அப்பாவிடமிருந்து 'ராஜா'வைக் கொண்டுவந்தார். 'பீட்சா' எடுத்தவர் கார்த்திக் சுப்பராஜ். 'துருவங்கள் பதினாறு' எடுத்தவர் கார்த்திக் நரேன். '96' பாடல்களில் சிலவற்றை எழுதியவர் கார்த்திக் நேத்தா. சிவகுமாரின் இளைய மகனும் கார்த்திக்தான். 'பருத்திவீர'னில் கடைசி 'க்'கைக் கழற்றிவைத்துவிட்டு கார்த்தியாக வந்தார். ஒட்டே இல்லாமல் தப்பித்தவர் பாடகர் கார்த்திக் ஒருவர்தான். நடிப்பு வேறு துறை, பாட்டு வேறு துறை என்று ரசிகர்கள் மன்னித்துவிட்டார்கள் போல. 'கஜினி'யின் 'ஒரு மாலை'யைக் கேட்டு யாரும் 'அக்னி நட்சத்திரம்' ஹீரோ பாடுகிறார் என்று நினைப்பதில்லை. எங்கள் அம்மாவைத் தவிர.

சிவகுமார் வீட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யம். மூத்த மகனுக்கு வைத்த பெயர் சரவணன். 1997-ல் 'நேருக்கு நேர்' வந்தபோது சரவணன் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ஹீரோ இருந்தார். அதனால் புதுப் பையன் சூர்யா ஆனார். பத்து வருஷம் கழித்து, சூர்யாவின் தம்பி அறிமுகமான 'பருத்திவீர'னில் சித்தப்பாவாக நடித்துக் கலக்கியவர் யார் தெரியுமா? அதே சரவணன். அண்ணன் யாருக்காகப் பெயரை விட்டுக்கொடுத்தாரோ, அவர் தம்பிக்குச் சித்தப்பாவாக வந்து நின்றார். இன்னொரு கொசுறு: சிவகுமாரின் இயற்பெயர் பழனிசாமி. பழனிசாமி, சரவணன், கார்த்திக் என்று அந்த வீடே முருகன் சந்நிதி!

ஹாலிவுட்டில் இதற்குச் சட்டமே உண்டு. நடிகர் சங்கத்தில் ஒருவர் பதிந்த பெயரை இன்னொருவர் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. மைக்கேல் கீட்டனின் நிஜப் பெயர் மைக்கேல் டக்ளஸ். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் 'கீட்டன்' ஆனார். எம்மா ஸ்டோன் பிறந்தபோது எமிலி ஸ்டோன். அங்கேயும் கடைசியில் நம்ம ஊர் வைத்தியம் கைகொடுப்பது உண்டு. கூடைப்பந்தின் மைக்கேல் ஜோர்டானிலிருந்து 'பிளாக் பாந்தர்' நடிகரைப் பிரித்துக் காட்டுவது, மைக்கேல் பி. ஜோர்டான் என்ற அந்த நடு இனிஷியல்தான். பி என்றால் பகாரி.

பிரேசில் கால்பந்து அணியோ பள்ளிக்கூட ஸ்டைல். ஒரே அணியில் ரெண்டு ரொனால்டோ இருந்தால் ஒருவர் பெரியவர், இன்னொருவர் சின்னவர். 1994 உலகக் கோப்பை அணியில் ஒரு தடுப்பாட்டக்காரர் ரொனால்டோ இருந்தார். அவர் 'ரொனால்டாவோ', அதாவது பெரிய ரொனால்டோ. கூடவே இருந்த 17 வயதுப் பையன் 'ரொனால்டினோ', சின்ன ரொனால்டோ. 1996 ஒலிம்பிக்ஸிலும் அந்தப் பையன் முதுகில் 'ரொனால்டினோ' என்றுதான் எழுதியிருந்தது. பிறகு அவர்தான் உலகமே கொண்டாடிய 'ரொனால்டோ' ஆனார். காலியான 'சின்ன' பட்டத்துக்கு அடுத்த பையன் வந்து சேர்ந்தார். நாம் ரொனால்டினோ என்று கொண்டாடுகிற அவர் பெயரும் ரொனால்டோதான். 2002-ல் ரெண்டு பேரும் சேர்ந்தே உலகக் கோப்பையைத் தூக்கினார்கள்.

சரி, நம்ம ஊர் விளையாட்டுக்கு வருவோம். சினிமா இனிஷியலைத் தூக்கிப்போட்டது என்றால், விளையாட்டு அதை முழுசாக விரித்துவிட்டது. சர்வதேச ஸ்கோர்போர்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஒற்றை எழுத்து போதாது. முதல் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள். நமக்குத்தான் குடும்பப் பெயரே இல்லையே? அப்பா பெயரை எடுத்து முன்னாலோ பின்னாலோ வைத்துவிடுவோம். அதன் பிறகு பையன் ஜெயித்தால் உலகம் அப்பாவைக் கூப்பிடும்.

கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அங்கே ஓட்டுநர்களைக் கடைசிப் பெயரால் சொல்வதுதான் வழக்கம். அதனால் உலகம் முழுக்க டி.வி-யில் ஓடிய 'கார்த்திகேயன்' அவரில்லை, அவருடைய அப்பா. அந்த அப்பாவும் ஒரு காலத்தில் ராலி ஓட்டியவர் என்பதால், இந்தத் தவறில் ஒரு நியாயம் இருக்கிறது என்பேன். விஸ்வநாதன் ஆனந்தை செஸ் உலகம் செல்லமாக 'விஷி' என்கிறது. விஸ்வநாதன் என்பது அவர் அப்பா பெயர்!

அடுத்த குழப்பத்துக்கு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கிராண்ட்மாஸ்டர் கார்த்திகேயன் முரளி, 2023-ல் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியில் மேக்னஸ் கார்ல்சனையே தோற்கடித்தார். கிளாசிக்கல் ஆட்டத்தில் கார்ல்சனை வென்ற மூன்றாவது இந்தியர். இவர் பெயரைச் சில இடங்களில் கார்த்திகேயன் முரளி என்றும், சில இடங்களில் முரளி கார்த்திகேயன் என்றும் போடுகிறார்கள். இடது கை சுழற்பந்து வீச்சாளர் பெயர் முரளி கார்த்திக். இனி நடிகர் கார்த்திக்கின் இயற்பெயரைப் பாருங்கள்: முரளி. தெலுங்குப் படங்களில் அவர் 'முரளி' என்ற பெயரில்தான் நடித்தார். தமிழில் 'இதயம்' முரளி தனியாக இருந்தார். கார்த்திக் இங்கேயும் முரளியாகவே இருந்திருந்தால், ரெண்டு பேரில் ஒருவர் பெயரை மாற்ற வேண்டி வந்திருக்கும்.

கிரிக்கெட்டின் ரெண்டு கார்த்திக்குகளும் சேர்ந்து ஆடியதே ஒரு தனிக்கதை. 2004 நவம்பர், மும்பை வான்கடே, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். விக்கெட் கீப்பராக தினேஷ் கார்த்திக்குக்கு முதல் டெஸ்ட். பந்து வீசியவர்களில் முரளி கார்த்திக். 107 ரன் எடுத்தால் வெற்றி என்று இறங்கிய ஆஸ்திரேலியா 93-க்குச் சுருண்டது. ரெண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 7 விக்கெட் எடுத்த முரளி கார்த்திக் ஆட்ட நாயகன். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பதும் கார்த்திக், முன்னாலிருந்து பந்து போடுவதும் கார்த்திக்.

இவர்களை ஆங்கில ஸ்கோர்கார்டில் பிரித்துக் காட்டியது ஒரே ஒரு எழுத்து. தினேஷின் கார்த்திக்கில் 'டி'க்குப் பின்னால் ஒரு 'ஹெச்' உண்டு. முரளியின் கார்த்திக்கில் கிடையாது. தெற்கே நாம் 'டி'யை 'ட'வுக்கு ஒதுக்கிவிட்டு, 'த'வுக்கு 'ஹெச்' சேர்த்து எழுதுகிறோம். வடக்கே 'த'வுக்கு வெறும் 'டி' போதும். முரளி கார்த்திக் பிறந்தது மெட்ராஸில்தான், ஆனால் உள்ளூர் கிரிக்கெட் ஆடியது ரயில்வேஸ் அணிக்கு. எழுத்தும் வடக்கத்தி ஸ்டைலிலேயே இருக்கிறது. இந்தி நடிகர் கார்த்திக் ஆர்யனுக்கும் 'ஹெச்' இல்லை. கார்த்திக் நரேன் இன்னும் ஒரு படி மேலே போய்க் கடைசியில் ஒரு 'சி'யையும் சேர்த்துக்கொண்டார். இந்த நுணுக்கம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் எழுதிப் பாருங்கள், அத்தனை பேரும் ஒரே கார்த்திக். நம் எழுத்துக்கு இவர்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் தமிழில் டைப் செய்து தேடும்போது மட்டும் கடுப்பாகிறது.

தினேஷ் கார்த்திக் வீட்டில் இன்னொரு பெயர் ராசியும் உண்டு. மனைவி தீபிகா பள்ளிக்கல், ஸ்குவாஷ் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த முதல் இந்தியப் பெண். 'தீபிகா' என்று தேடினால் முதலில் யார் வருவார் என்று சொல்லவே வேண்டாம். அந்த தீபிகா படுகோனும் பேட்மின்டன் ஆடியவர், ஆல் இங்கிலாந்து சாம்பியன் பிரகாஷ் படுகோனின் மகள். வில்வித்தையில் தீபிகா குமாரி வேறு. அதற்குத் தனிக் கட்டுரைதான் எழுத வேண்டும்.

கார்த்திக் என்ற பெயர் இப்போது அடுத்த கட்டத்துக்கும் போய்விட்டது. 'கடல்' படத்தில் அறிமுகமான கௌதம் கார்த்திக்கைப் பாருங்கள். இங்கே கார்த்திக் என்பது அப்பா. முத்துராமன் மகன் முரளி, திரைக்கு வந்து கார்த்திக் ஆகி, அந்தத் திரைப் பெயர் மகனுக்கு இனிஷியலாக இறங்கியிருக்கிறது. வகுப்பில் நெட்டை கார்த்திக், சோடாபுட்டி கார்த்திக்காக இருந்தவர்கள் எல்லாம் இன்று அப்பாக்கள். அவர்களுடைய பிள்ளைகளின் ஐ.டி கார்டில் 'கே' என்ற ஒற்றை எழுத்தாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

திரைக்குள்ளேயும் விட்டார்களா? 'அலைபாயுதே' மாதவன் பெயர் கார்த்திக். 'விண்ணைத்தாண்டி வருவாயா' சிம்பு பெயரும் கார்த்திக். அந்தப் படத்தின் டைட்டில் பாட்டைப் பாடியவர்? பாடகர் கார்த்திக்!

தினேஷ் கார்த்திக்கும் முரளி கார்த்திக்கும் இப்போது கமென்ட்ரி பாக்ஸில். போன சீசனில் ஒரு நாள் டி.வி-யில் தினேஷ் கார்த்திக் பிட்ச் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். கீழே பெயர் ஓடியது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏன்டா, இவன் பாடுறதை விட்டுட்டானா?"